அந்தப் பெட்டரிப் பெட்டி எரிஞ்ச கதை

தர்ஷினி புள்ள,

அப்பா கையில கடுதாசியப் பாத்ததும் பதறிராத. இங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஒங்கப்பாவ நீயே பாக்குற, இருமலும் பேச்சும் ரெண்டும் கொறையாம நல்லாத்தான் இருக்காரு. எனக்கும் ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, தேயில பெக்டரியில சலிப்பு ரூம்ல இந்த வாரம் தூள் கூட, அவ்வளவுதான். தெனம் போன்ல பேசுறவ எதுக்குக் கடுதாசி எழுதுறான்னு நீ கேப்ப. போன்ல சொல்ல முடியல, அதான். போன்ல நான் ஆரம்பிச்சா நீ நடுவுல "என்னம்மா?"ன்னு ஒரு கொரல் குடுப்ப, நான் அப்புடியே சறுக்கி, இங்க ஒரே மழ, அங்க வெயிலான்னு கேக்க ஆரம்பிச்சிருவேன். இத்தன வருஷமா அப்புடித்தான் பேச்ச மாத்திக்கிட்டே வந்திருக்கேன். கடுதாசின்னா நீ குறுக்க பேச முடியாது பாரு. ஓ.எல். வரைக்கும் படிச்ச படிப்பு இன்னைக்குத்தான் எனக்கு ஒழுங்கா ஒதவுது.

ஞாயித்துக்கெழம நீ சொன்னதத்தான் நெனச்சுக்கிட்டே இருக்கேன். ஒங்க கம்பெனியில ஒன்னய பெட்டரிக் கட்டுற மேசைக்கு வரச் சொல்லிருக்காங்க, ஆறு பேருக்கு நீதான் மேல நின்னு சொல்லிக் குடுக்கணுமாம், திங்கக்கெழம பதில் சொல்லணுமாம். கேட்டதும் நான் துள்ளிட்டேன். நீ என்னடான்னா, "வேணாம்னு சொல்லப்போறேம்மா, கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் குடுக்குறதே எனக்குப் போதும்"னுட்ட. ஏன்டின்னு கேட்டதுக்கு, "எங் கை சரியில்லம்மா. அன்னைக்கு நம்ம வீட்டுல எரிஞ்சது ஞாபகம் இருக்குல்ல? ஒரு ஈயம் ஒழுங்கா வைக்கத் தெரியாதவ ஆறு பேருக்கு எப்புடிச் சொல்லிக் குடுக்குறது?"ன்னு சொல்லிட்டு நீ சிரிச்ச. நான் போன ஒங்கப்பாகிட்ட குடுத்துட்டு அடுப்படிக்குப் போய்ட்டேன். அம்மா தேங்கா திருவப் போய்ட்டாங்கன்னு நீ நெனச்சிருப்ப. புள்ள, அந்தப் பெட்டி எரிஞ்சது ஒங் கையால இல்ல. எங் கையால. எழுதிட்டேன். இனி முழுசையும் சொல்றேன், உக்காந்து படி.

நீ ஏ.எல். முடிச்சுட்டு வீட்டுல இருந்த வருஷம் அது. கண்டியில டிப்ளோமாவுக்கு எழுதிப் போட்டிருந்த. லெப்டொப்ல நேர்முகம், காலையில பத்து மணிக்குன்னு பதில் வந்துச்சு. போன்லயே பேசிரலாம்னா, ஏதோ படம் வரைஞ்சு காட்டச் சொல்லுவாங்களாம், அதுக்கு லெப்டொப்தான் வேணுமாம். லெப்டொப் இருந்துச்சு, ஒங்க சயன்ஸ் டீச்சர் அவங்களோட பழசக் குடுத்திருந்தாங்க. ஆனா அதுக்குள்ள இருந்த பெட்டரி செத்துப் போயி, வயரப் புடுங்குன அடுத்த நிமிசம் கண்ண மூடிரும். அந்த வருஷம் கரண்ட் வெட்டுன வெட்டு ஒனக்கு மறந்திருக்காது. நோட்டன் பிரிட்ஜ்ல நம்ம மலத் தண்ணிய அடைச்சுத்தான் ஊருக்கெல்லாம் கரண்ட் போகுதுன்னு ஒங்கப்பா பெருமையடிப்பாரு, பெருமையடிக்கும்போதே பல்பு அணையும். காலையில ஒம்போதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் நம்ம முறை. ஒன் நேர்முகம் சரியா அதுக்கு நடுவுல.

வெளிய இருந்து லெப்டொப்புக்குக் கரண்ட் குடுக்குற பெட்டரி ஒண்ணு நானே கட்டுறேன்னு நீ சொன்னப்ப, "என்னா, லொறி பெட்டரியத் தலையில வச்சுக்கிட்டா பேசப் போற?"ன்னு ஒங்கப்பா கிண்டல் பண்ணாரு. நீ கண்டுக்கல. பஸ் ஏறி ஹட்டனுக்குப் போயி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்குற ரிப்பேர் கடையில, செத்துப்போன லெப்டொப் பெட்டரியா ஒரு பை நெறையத் தூக்கிட்டு வந்த. கடக்காரரு, அந்த சிங்கள பாஸ், குப்பைக்குப் போறதுதானேன்னு சும்மாவே குடுத்தாராம். நீ ஒவ்வொண்ணா ஒடச்சு எடுத்த. உள்ள எங் கட்டவெரல் மொத்தத்துக்கு உருண்ட உருண்டையா பெட்டரி. "பெட்டி செத்துருச்சுன்னா உள்ள எல்லாமே செத்துருச்சுன்னு இல்லம்மா, ஒண்ணு ரெண்டுதான் கெட்டிருக்கும், நல்லதப் பொறுக்கி எடுக்கணும்"ன்ன. எனக்கு ஒரே சந்தோசம். பொறுக்குறதுதானே நம்ம தொழிலு! இருபது வருஷமா தூள்ல குச்சி பொறுக்குற கை இது. எல்லாத்துக்கும் கரண்ட் ஏத்தி, டேப் ஒட்டி நம்பர் போட்டு, சன்னல்ல வரிசையா நிக்க வச்ச. சாயங்காலம் நான் வேல விட்டு வந்ததும் நீ மீட்டர வச்சுப் பாத்து எண்ணச் சொல்லுவ, நான் கொப்பியில எழுதுவேன். நாளுக்கு நாள் எறங்குனதெல்லாம் தள்ளிட்டோம். பதினேழாம் நம்பர் மினுமினுன்னு என்னா அழகா இருந்துச்சு! அதத் தள்ளும்போது எனக்கு மனசே இல்ல, நீ "அழகப் பாத்தா லெப்டொப் ஓடுமா"ன்னு என்னய அதட்டுன. கடைசியா பத்து தேறுச்சு.

அந்தப் பத்தயும் ரெண்டு ரெண்டா ஜோடி சேத்து, அஞ்சு ஜோடிய ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா கோத்த. கரண்ட் இருக்குற நேரமாப் பாத்து, சன்னத் தகட்ட வச்சு ஈயம் பத்த வைப்ப. சூடு உள்ள போகக் கூடாதும்மா, பரவுனதும் சட்டுன்னு கையெடுக்கணும்னு சொல்லிக்கிட்டே மூச்சப் புடிச்சுக்குவ, நாக்கு நுனி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். சின்னதுல கோலம் போடும்போதும் ஒனக்கு அப்புடித்தான் நாக்கு நீளும். கரண்ட் கூடக் கொறைய ஏறாம பாத்துக்குற சின்ன அட்டை ஒண்ணயும் வச்ச. எல்லாத்தயும் நீ பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன நீலச் சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள அடக்கி, வயர வெளிய எடுத்து லெப்டொப்ல சொருகுன பாரு, லைட் எரிஞ்சுச்சு! ரெண்டு மணி நேரத்துக்கு மேல நின்னுச்சு. லயத்து வரிசை வீடு அத்தனையும் நம்ம வாசல்ல கூடிருச்சு. ஒங்கப்பா, லொறி பெட்டரி கத பேசுன அதே மனுசன், "எம் மக கட்டுனது, தொடாம பாருங்க"ன்னு காவக்காரன் மாதிரி நின்னாரு. அதுக்கப்புறம் நேர்முகம் வரைக்கும் எனக்குத் தூக்கமே சந்தோசத்துல வரல.

நேர்முகத்தன்னைக்குக் காலையில பாத்தா வெளிய ஒரே மூட்டம், தூத்தல் வேற. செவுரெல்லாம் வேர்த்து வடியுது. நீ குளிக்க பீலித் தண்ணிக்குப் போய்ட்ட. பெட்டி மேசையில இருக்கு, வயர் மாட்டிக்கிட்டதால மூடி ஒழுங்கா மூடாம வாயத் தொறந்துக்கிட்டு இருக்கு. பாத்ததும் எனக்குப் பொறுக்கல. பெக்டரியில எங்க காதுல ஓதுறது ஒண்ணே ஒண்ணுதான், ஈரம் படக் கூடாது. ஒரு சொட்டு ஈரம் பட்டா நல்ல தூளும் வீணாப் போயிரும்னுதான் சாக்குக்கு உள்ளுக்க வெள்ளித்தாள் வச்சு அடைக்கிறோம். கிழிஞ்ச சாக்குல இருந்து எடுத்து வந்த வெள்ளித்தாள் வீட்டுல எப்பவும் கெடக்கும், கூரையில ஒழுகுற எடத்துல சொருக. புள்ள இத்தன பாடுபட்டுக் கட்டிருக்கா, இந்த ஈரத்துல கெட்டுப் போனா என்னா செய்யிறதுன்னு, நல்ல தாளாப் பாத்து, கத்திரிக்கோலால அளவா வெட்டி, அந்தப் பத்து பெட்டரிக்கும் மேலயும் பக்கத்துலயும் வச்சு, சந்து பொந்தெல்லாம் கட்டவெரலால நல்லா அமுக்குனேன். சாக்குல எப்புடி அமுக்குவேனோ அப்புடி. சுத்தமா, அழகா. ஈரம் போகாதத மட்டும் பாத்தேனே தவிர, அந்தத் தாள் வழியா கரண்ட் போகும்னு நான் என்னாத்தக் கண்டேன்!

படார்னு ஒரு பொறி. அப்பறம் உஸ்ஸுன்னு ஒரு சத்தம், மூக்க அறுக்குற ஒரு நாத்தம். நீலப் பெட்டி எங் கண்ணு முன்னாலயே இளகுது. அடுப்புக் குறட்டால கவ்வி எடுத்துட்டு ஓடி வாசல்ல தண்ணி ஓடுற கான்ல வீசுனேன். வீட்டுக்குள்ள பொகை. மிச்ச வெள்ளித்தாள் எங் கையில இருந்துச்சு, அத அடுப்புக்குள்ள தள்ளிட்டேன். ஏன் தள்ளுனேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, கை தானாப் போயிருச்சு. நீ ஈரத் தலையோட வாளியக் கீழ போட்டுட்டு ஓடி வந்த. பொகையப் பாத்து லயத்து ஆளுங்க கூடிட்டாங்க, ஒங்கப்பா பின்பக்கத்துல இருந்து ஓடி வந்து, "யாரு வேல இது? வீட்டையே கொளுத்தப் பாத்தீங்களா?"ன்னு கத்துனாரு. நான் வாயத் தொறக்குறேன், அதுக்குள்ள நீ, "நாந்தான்ப்பா. ஈயம் சரியாப் புடிக்கல போல"ன்னுட்ட. சத்தியமா சொல்றேன், எனக்கு ஒரு நிமிசம் இருந்துச்சு. அந்த ஒரு நிமிசத்துல இல்லன்னு சொல்லியிருக்கலாம். பெக்டரிக்காரி, எல்லாந் தெரிஞ்சவன்னு லயத்துல பேரெடுத்தவ, அத்தன பேர் முன்னால முட்டாளா நிக்க வெக்கப்பட்டேன். ஒங்கப்பா ஒன்னயத் திட்டத் திட்ட நான் பொகைக்கு இருமுற மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்.

அப்பறம் நான் ஓடுன ஓட்டம் ஒனக்குத் தெரியும், ஏன் அப்புடி ஓடுனேன்னுதான் தெரியாது. வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்குக்கூட நிக்காம நேரா பெக்டரிய நடத்துற டீமேக்கர் ஐயாகிட்ட போயி, "ஐயா, ஒங்க ஜெனரேட்டர்ல எம் மகளுக்கு ஒரே ஒரு பிளக் குடுங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். மனுசன் தங்கமானவரு. ஆனா சட்டம்னா சட்டம், "செருப்பக் கழட்டணும், தலைக்குத் தொப்பி போடணும், அப்பத்தான் உள்ள விடுவேன்"னுட்டாரு. நீயும் வெறுங்கால்ல, அந்த வெள்ளத் தொப்பிய மாட்டிக்கிட்டு, சலிப்பு மெசினுக்குப் பக்கத்துல சாக்கு மேல உக்காந்து நேர்முகம் குடுத்த! மெசின் தடதடன்னு ஆடுது, லெப்டொப்பும் சேந்து ஆடுது. லெப்டொப்புக்குள்ள கேள்வி கேக்குற சேர் ஒருத்தரு, "அது என்னா சத்தம் மகள்?"ன்னு கேக்குறாரு, நீ, "தேயில சலிக்கிறாங்க சேர்"ங்குற. தொப்பி எதுக்குன்னாரு. "தூள்ல முடி விழக் கூடாது சேர்"ன்ன. சலிப்பு ரூம்ல இருந்த நாங்க எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சோம்.

அதோட போயிருந்தா பரவால்ல. ஏன் அங்க வந்து உக்காந்திருக்கீங்கன்னு அவங்க கேட்டதும், நீ பெட்டரிக் கட்டுன கதைய ஆரம்பத்துல இருந்து சொன்ன. அவங்க கேக்க வச்சிருந்த கேள்வியெல்லாம் ஓரமா வச்சுட்டு, எப்புடிப் பொறுக்குனீங்க, ஏன் பத்து, ஏன் ஜோடின்னு அதயே கேட்டாங்க. கடைசியில எப்புடி எரிஞ்சுச்சுன்னாங்க. "என்னோட பிழைதான். ஈயம் சரியா வைக்கல"ன்ன. அப்ப ஒரு மேடம் சொன்னாங்க, தன்னோட பிழைய மறைக்காம சொல்ற பிள்ளதான் எங்களுக்கு வேணும்னு. நான் மெசினுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். மறைக்கிறவ இங்க நிக்கிறா, மறைக்க ஒண்ணுமே இல்லாதவளுக்குப் பாராட்டு அங்க நடக்குது. ஒனக்கு எடம் கெடச்ச சேதி வந்தன்னைக்கு டீமேக்கர் ஐயா சலிப்பு ரூமுக்கே பால் தேத்தண்ணி போடச் சொன்னாரு. நானும் குடிச்சேன், சந்தோசமாத்தான் குடிச்சேன். பொய் சொல்லக் கூடாது, அன்னைக்கு சந்தோசம்தான் பெருசா இருந்துச்சு.

அதுக்கப்புறம் எப்ப சொல்றது? டிப்ளோமா குடுத்தன்னைக்கு மேடையில ஒன்னயப் பேசச் சொன்னாங்க, நீ அங்கயும் அதே கதையச் சொன்ன. எல்லாரும் கைதட்டுனாங்க. பக்கத்துல ஒங்கப்பா தட்டுறாரு, நானும் தட்டுனேன். நல்லபடியா முடிஞ்ச கததானே, இதுல யாருக்கு என்னா நட்டம்னு என்னய நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். ஆனா அந்தக் கத ஒங் கையிலயே போயி ஒக்காந்துக்கிச்சுன்னு ஞாயித்துக்கெழமதான் எனக்குத் தெரிஞ்சுச்சு. அன்னைக்குப் பெறகு நீ ஈயம் பத்த வைக்கிறதயே விட்டுட்டியாமே. மத்தவங்க கட்ட, நீ படம் மட்டும் போட்டுக் குடுக்குறியாமே. சிரிச்சுக்கிட்டே சொல்ற, அதான் எனக்கு இன்னும் எரியுது.

நீ அன்னைக்கு அந்தக் கருகுன பெட்டியத் திரும்பிக்கூடப் பாக்கல, பொதைச்சுருங்கன்னு மட்டும் சொன்ன. நான் பொதைக்கல. காரியம் பண்ணவளுக்குத் தூக்கிப் போட மனசு வரல, ஒரு பையில சுத்தி பழைய இரும்புப் பெட்டிக்கு அடியில வச்சிருந்தேன். வீட்டுல தீப்புடிக்கிற சாமான வச்சிருந்தியான்னு நீ திட்டுவ, திட்டு. செவ்வாக்கெழம லீவு போட்டுட்டு, அதத் தூக்கிக்கிட்டு ஹட்டனுக்கு பஸ் ஏறுனேன். அதே ரிப்பேர் கட, அதே பாஸ், தல மட்டும் நரைச்சிருக்கு. மேல பூரா பிரிச்சு, கண்ணாடிய மாட்டிக்கிட்டு, தகட்டக் குறட்டால புடிச்சு ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்தாரு. ஒண்ணும் வரல. நானும் ஒண்ண இழுத்துப் பாத்தேன், பல்லக் கடிச்சுக்கிட்டு இழுத்தேன், அசையல! "அத ஹொந்தய்"ன்னாரு. கை நல்ல கைன்னு. யாரு கட்டுனதுன்னு கேட்டாரு, எம் மகன்னேன். அப்பறம் பெட்டரி ஓரத்துல உருகி ஒட்டியிருந்த வெள்ளிய நகத்தால சொரண்டிக் காட்டி, எரிஞ்சது இதாலதான், இத வச்சது யாருன்னாரு. நான்னு சொன்னேன். ஈரம் படாம இருக்க வச்சேன், பெக்டரியில அப்புடித்தான் வைப்போம்னு சொன்னேன். மனுசன் சிரிச்ச சிரிப்புல பக்கத்துக் கடக்காரங்க எட்டிப் பாத்தாங்க. இத்தன வருஷத்துல நான் மொத மொதல்ல உண்மையச் சொன்னது முன்ன பின்ன பழகாத மனுசன்கிட்ட, அதுவும் சிங்களத்துல. சிங்களத்துல சொல்றது கொஞ்சம் லேசா இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து ஒங்கப்பாகிட்ட தமிழ்ல சொன்னேன், அது அவ்வளவு லேசா இல்ல. கேட்டுட்டுச் சிரிக்க ஆரம்பிச்சாரு, சிரிப்பு இருமலாகி, இருமல் திரும்ப சிரிப்பாகி, "எனக்கு அப்பவே சந்தேகம்டி"ன்னாரு. பச்சப் பொய்! ஒரு சந்தேகமும் கெடையாது. அப்பறம் மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு, "நான் புள்ளைய அநியாயமா திட்டிட்டேனே"ன்னு வெளிய போய் உக்காந்துக்கிட்டாரு. சனிக்கெழம கொழும்புக்கு அவரேதான் வர்றாரு. இந்தக் கடுதாசியும் ஒரு சின்னப் பொட்டலமும் அவர் கையில இருக்கும். பொட்டலத்துல நீ கட்டுன ஜோடியில ஒண்ணு, தகட்டோட. கரண்ட் ஒரு சொட்டு இல்லாம பாஸ் பாத்துத்தான் வெட்டிக் குடுத்தாரு, பயப்புடாத. கடுதாசியப் படிச்சதும் ஒரு குறட்ட எடுத்து நீயே அத இழுத்துப் பாரு. எங்க சொல்ல நம்பாட்டிப் பரவால்ல, ஒங் கைய நீ நம்பு.

ஒண்ணு மட்டும் சொல்றேன், அம்மான்னு சொல்றேன், குத்தவாளின்னு வச்சுக்கிட்டும் சொல்றேன். நம்ம பொம்பளைங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு, எங்க எது ஒடஞ்சாலும் மொதல்ல நாந்தான்னு சொல்லிர்றோம். பெக்டரியில மெசின் நின்னாக்கூட பக்கத்துல நிக்கிறவ, "ஐயோ நான் ஏதும் தொட்டுட்டேனா?"ங்குறா. நாளைக்கு ஒன் மேசையில ஒரு புள்ள கட்டுனது எரிஞ்சு, அவ தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நாந்தான் அக்கான்னு வந்து நின்னா, நீ ஒடனே சரின்னுறாத, திட்டவும் திட்டாத. மொதல்ல பெட்டியத் தொறந்து பாரு. நம்ம வீட்டுல அன்னைக்கு ஒருத்தர்கூட தொறந்து பாக்கல. அப்புடியே மூலையில ஒண்ணும் பேசாம யாராச்சும் இருமிக்கிட்டு நின்னா, அவளயும் ஒரு பார்வ பாத்துக்க.

எம்மேல கோவம் வரும். வரணும். ரெண்டு நாளைக்குப் பேசாம இரு, மூணாம் நாள் எடு, இல்லாட்டி எனக்குச் சோறு எறங்காது. ஆனா திங்கக்கெழமைக்கு முன்னால அந்த வேலைக்குச் சரின்னு சொல்லிரு. அங்க யாராச்சும் கேப்பாங்க, ஒங்களோட மொத பெட்டரி எரிஞ்சு போச்சாமேன்னு. நீதான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கியே! இனிமே கேட்டா, "நான் கட்டுனது நல்லாத்தான் இருந்துச்சு, எங்கம்மாதான் வெள்ளித்தாள் வச்சு எரிச்சுட்டாங்க"ன்னு சொல்லு. எம் பேரையும் சேத்தே சொல்லு. சிரிப்பாங்க, சிரிக்கட்டும், நீயும் சேந்து சிரி. சிரிச்சு முடிச்சுட்டு, எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கும்போதே ஈயத்த எடுத்துப் பத்த வையி.

அம்மா